பெண்கள் மட்டும் போகும் கேதார்காந்தா ட்ரெக்: 46 வயதில் என் பையை நானே சுமந்து போக முடியுமா?

கேட்டவர்: வடவள்ளி தையற்கடை

வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு தையற்கடை வைத்திருக்கிறேன். வயது 46, எடை 58 கிலோ. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. சென்னையில் படிக்கும் மகள் ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். உத்தராகண்டில் கேதார்காந்தா என்ற மலைக்குப் பெண்கள் மட்டும் போகிற பயணம், மார்ச் கடைசியில், வழிகாட்டியோடு. 'ரிட்ரீட்' என்று போட்டிருக்கிறார்கள். காலையில் யோகா, சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து மனம் திறந்து பேசுவது, நடுவில் ஒரு நாள் நடையே இல்லாமல் ஏரிக்கரையில் ஓய்வு. டேராடூனில் ஏறி டேராடூனில் இறங்க 28,000 ரூபாய். இதே மலைக்குச் சாதாரணக் குழுவோடு போனால் பாதிக்கும் குறைவாகத்தான் ஆகும் என்று என் தம்பி தேடிப் பார்த்துச் சொல்கிறான்.

என் தயக்கம் பணம் மட்டும் இல்லை. அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டும், கழுதையில் ஏற்றிவிடும் வசதி கிடையாது என்று எழுதியிருக்கிறது. 9 கிலோ வருமாம். எனக்குத் தெரிந்த மலை ஏற்றம் மருதமலைப் படிதான். வெள்ளியங்கிரிக்கு வீட்டுக்காரர் வருஷா வருஷம் போகிறார், ஆனால் என் வயதுப் பெண்களை அங்கே ஏற விடும் வழக்கம் இல்லை, உங்களுக்கே தெரியும்.

அப்புறம், வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன். எனக்கு இப்போது மாதவிலக்கு எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடிவதில்லை. பனியில், கூடாரத்தில், கழிவறைக்கு என்ன செய்வார்கள்?

வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "குரங்கணி ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

போய் வந்தவர்கள் உள்ளபடி சொல்லுங்கள். முன்பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

பதில்: போத்தனூர் பயணி

போங்க அக்கா! யோசித்தால் யோசித்துக்கொண்டே இருப்போம். 46 எல்லாம் ஒரு வயதா? நான் இன்னும் இமயமலைப் பக்கம் போனதில்லை, அதனால் மற்ற கேள்விகளுக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில்: ஈரோட்டுக்காரி

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். லீவு கிடைத்தால் மலைக்குப் போய்விடுவேன். கேதார்காந்தாவுக்கு ஆண்களும் பெண்களும் சேர்ந்த குழுவோடும் போயிருக்கிறேன், பெண்கள் குழுவோடும் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு படியுங்கள்.

முதலில் குரங்கணி. உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்லாமல் நீங்கள் கிளம்பக் கூடாது. தேனி மாவட்டக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மாட்டியவர்களில் எங்கள் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு. இன்னொரு குழு மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து கிளம்பியது. கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும்போது, காய்ந்த புல் சரிவில், காட்டுத்தீக் காலத்தில் நடந்தது அது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெண்கள் குழுவாகப் போனதால் அது நடக்கவில்லை. போகக் கூடாத பருவத்தில் போனதும், தீ வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று யாரும் முன்கூட்டி யோசிக்காததும்தான் காரணம். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. இப்போது அரசே நடத்தும் ட்ரெக் தமிழ்நாடு வழித்தடங்களைத் தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். கேதார்காந்தாவில் மார்ச் மாதம் காட்டுத்தீயை விட உயரமும் குளிரும்தான் ஆபத்து. ஆக, அவர் கேட்டதை அப்படியே நடத்துபவரிடம் கேளுங்கள்: ஏதாவது ஆனால் எந்த வழியாக, யார், எவ்வளவு நேரத்தில் கீழே இறக்குவீர்கள்? தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். "ஒண்ணும் ஆகாது மேடம்" என்று ஆரம்பித்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

அடுத்து உயரம். இந்த மலையை 'ஆரம்ப நிலை' என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். கால்களுக்கு அது சரி, பாதை சிரமமில்லைதான். ஆனால் உயரம் வேகமாகக் கூடுகிறது. வண்டி நிற்கும் சாங்க்ரி கிராமம் சுமார் 1950 மீட்டர். முதல் கூடாரம் போடும் ஜூடா கா தாலாப் ஏரிக்கரை சுமார் 2800. நம் தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான், அதாவது முதல் நாள் ராத்திரியே தொட்டபெட்டாவுக்கு மேலே படுக்கிறீர்கள். அடுத்த ராத்திரி சுமார் 3400. அதற்கடுத்த விடியலில் 3800 மீட்டர் உச்சி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. சாதாரணக் குழுக்களின் அட்டவணை அந்த விதியோடு உரசிக்கொண்டுதான் ஓடுகிறது. அதனால்தான் மேல் கூடாரத்தில் பாதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கேதான் உங்கள் 28,000 ரூபாயைப் பற்றி என் கருத்து மாறுகிறது. யோகாவுக்கும் வட்டப் பேச்சுக்கும் நான் பத்துப் பைசா கொடுக்க மாட்டேன். ஆனால் "நடையே இல்லாமல் ஏரிக்கரையில் ஒரு நாள்" என்கிறீர்களே, அந்த ஏரிக்கரை ஜூடா கா தாலாபாக இருந்தால், அந்த ஒரு நாள் முழுப் பணத்துக்கும் தகும். 2800 மீட்டரில் இரண்டு ராத்திரி தூங்கினால் உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும். அவர்கள் மனநிம்மதிக்கு என்று வைத்த நாள் உங்கள் நுரையீரலுக்கு உதவப் போகிறது. ஓய்வு நாள் சாங்க்ரியில் என்றால் அவ்வளவு பலன் இல்லை. எங்கே என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பை விஷயம். நீங்கள் தையற்காரர், அதனால் உங்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். பேக்பேக் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய அளவு லிட்டர் இல்லை, முதுகு உயரம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பிலிருந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்தால் கட்டைவிரல் முட்டும் எலும்பு மட்டம் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பைகள் ஆண்களின் முதுகுக்கு வெட்டியவை. அதை நாம் மாட்டினால் இடுப்புப் பட்டை தொடையில் கிடக்கும், மொத்த எடையும் தோளில் தொங்கும். பட்டை அந்த இடுப்பெலும்பின் மேலே உட்கார வேண்டும், தோள் வார் சும்மா பையைச் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். பெண்களுக்கென்று வெட்டிய பைகள் டெகத்லான் மாதிரிக் கடைகளில் கிடைக்கின்றன. 45 அல்லது 50 லிட்டர் தாராளம். கடையிலேயே உள்ளே எடை போட்டுத் தரச் சொல்லி, மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் நடந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பிளவுஸ் அளவு பார்க்காமல் நீங்கள் யாருக்காவது தைத்துக் கொடுப்பீர்களா?

உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதீர்கள் என்பார்கள். உங்களுக்கு 11 கிலோ சொச்சம். 9 கிலோ முடியும், ஆனால் பயிற்சி இல்லாமல் முடியாது. இன்றைக்கே இரண்டு கிலோ அரிசியைப் பையில் போட்டு மருதமலை ஏறுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டிக்கொண்டே போங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அது பரவாயில்லை. இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். மலையில் அழுதவர்களை நான் அதிகம் பார்த்தது இறக்கத்தில்தான். ஊன்றுகோல் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் 5 கிலோமீட்டரை ஓட்டமும் நடையுமாக 40 நிமிடத்துக்குள் முடிக்க வந்துவிட்டால் கேதார்காந்தாவுக்குப் போதும்.

பையின் எடையைக் குறைப்பது தனிக் கலை. பருத்தித் துணி ஒன்றுகூட வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் நேராக எலும்புக்குப் போகும். உள்ளே ஒட்டிப் போட ஒரு தெர்மல், அதன் மேல் கம்பளி மாதிரி ஒரு ஃப்ளீஸ் சட்டை, மேலே ஒரு தடித்த ஜாக்கெட், காற்றும் மழையும் தடுக்க ஒரு மேலுறை. நடக்க இரண்டு கால்சட்டை. தூங்குவதற்கென்று உலர்ந்த காலுறை ஒன்று தனியாக, அதை எக்காரணம் கொண்டும் நடக்கும்போது போடாதீர்கள். தூக்கப்பை, கூடாரம், பனியில் பூட்ஸில் மாட்டும் மைக்ரோஸ்பைக், பனி உள்ளே புகாமல் காலில் கட்டும் கெய்ட்டர் எல்லாம் வழக்கமாக அவர்களே கொடுப்பார்கள். ஆனால் கூடாரமும் தூக்கப்பையும் உங்கள் 9 கிலோவுக்குள் சேர்த்தியா, வெளியிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முறுக்கு, தட்டை வகையறாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அதற்கு மட்டும் விதி கிடையாது.

இப்போது கழிவறை. கூடாரத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கூடாரம் நிற்கும். உள்ளே குழி. பக்கத்தில் மண்ணும் ஒரு சிறு மண்வெட்டியும் இருக்கும், போய் முடித்ததும் மண் தள்ள வேண்டும். தண்ணீர் கிடையாது, காகிதம்தான். ஈரத்துடைப்பான், நாப்கின் எதையும் குழியில் போடக் கூடாது. அங்கே குளிரில் அது வருஷக்கணக்கில் மக்காது. பழைய செய்தித்தாளில் சுற்றி ஜிப் பையில் போட்டு, அதை ஒரு கறுப்புப் பையில் வைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். குளிரில் நாற்றம் வராது, பயப்படாதீர்கள். மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்கு அதுதான் சௌகரியம். ஆனால் மலையில் போய் முதல் முறை முயற்சி செய்யாதீர்கள். விறைத்த விரலோடு, ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் கற்றுக்கொள்கிற வேலை இல்லை அது.

பெண்கள் குழுவில் நான் கண்ட பெரிய வித்தியாசமே இந்தத் தண்ணீர் விஷயத்தில்தான். நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் இருந்தே பெண்பிள்ளைகள் கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் பழகிவிடுகிறார்கள். என் மாணவிகளிடம் தினமும் பார்க்கிறேன். மலையிலும் அதே பழக்கம் வருகிறது. ஆண்கள் கூட வந்தால், "வண்டியை நிறுத்துங்க" என்று சொல்லக் கூசுகிற மாதிரி, பாதையில் ஒதுங்க வேண்டும் என்று சொல்லக் கூசி, பாட்டிலைத் திறக்கவே மாட்டார்கள். சாயங்காலம் தலைவலி வரும். அது உயரத்தால் வந்ததா, தண்ணீர் குறைந்து வந்ததா என்று வழிகாட்டிக்கே தெரியாது. காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பார், அல்லது தெரியாமல் கீழே அனுப்புவார். பெண்கள் மட்டும் போன குழுவில், மரத்துக்குப் பின்னால் நாலு பேர் போனால் நாலு பேர் வழியில் நின்று மறைத்துக்கொள்வார்கள், யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. எல்லோரும் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தார்கள், மூன்று நான்கு லிட்டர். மேல் கூடாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும் குறைவு. பெண்கள் குழுவுக்கு இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். 'பெண்கள் மட்டும்' என்றால் பெரும்பாலும் பங்கேற்பவர்கள் மட்டும்தான். சமையல்காரர், கூடாரம் போடுபவர்கள், உள்ளூர் வழிகாட்டி எல்லாம் சாங்க்ரி, சௌர் கிராமத்து ஆண்களாக இருப்பார்கள். நான் பார்த்தவரை மரியாதையானவர்கள், மலையைக் கரைத்துக் குடித்தவர்கள். அது ஒன்றும் குறை இல்லை. ஆனால் தலைமை வழிகாட்டி பெண்ணா என்று கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தப்போக்கு அதிகமானால் கூடார ஜிப்பைத் திறந்து யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதுதான் கேள்வி. அவர் எங்கே பயிற்சி எடுத்தார் என்றும் கேளுங்கள். உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே அடிப்படைப் பயிற்சியோ மேல்நிலைப் பயிற்சியோ முடித்தவர் என்றால் கயிறும் பனியும் தெரிந்தவர். கூடவே முதலுதவிச் சான்று இருக்க வேண்டும். குழுவில் கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் யார் வருவார்? உச்சி ஏறும் நாளில் எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்று நேரம் வைத்திருக்கிறார்களா? ஆக்சிஜன் சிலிண்டர் மேல் கூடாரம் வரை வருமா, சாங்க்ரியிலேயே இருக்குமா?

இந்தக் கடைசிக் கேள்வியை நான் சும்மா எழுதவில்லை. ஒரு நிறுவனத்தின் பெண்கள் குழுவில் சிலிண்டர் கீழேயே இருந்தது, மேலே ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. நல்ல வேளையாக உடனே இறக்கினார்கள், இறங்க இறங்கச் சரியானது. எந்த நிறுவனம் என்று இங்கே எழுத மாட்டேன், அதனால்தான் எல்லோரிடமும் கேட்கச் சொல்கிறேன்.

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பச்சேந்திரி பால் 1984-இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண், அதே உத்தரகாசி மாவட்டத்துக்காரர். 2022-இல் அறுபதைத் தாண்டிய அவர், ஐம்பது தாண்டிய பெண்களைக் கூட்டிக்கொண்டு அருணாசலத்தில் தொடங்கி லடாக் வரை இமயமலையைக் குறுக்காக நடந்தே கடந்தார். உங்களுக்கு 46 தானே.

பதில்: நிலாச்சோறு

ஈரோட்டுக்காரி சொன்னதில் முக்கால்வாசிக்குக் கை தட்டுகிறேன். வட்டப் பேச்சுக்குப் பத்துப் பைசா கொடுக்க மாட்டேன் என்றதற்கு மட்டும் சண்டைக்கு வருகிறேன்.

நானும் அப்படித்தான் முகம் சுளித்துக்கொண்டு போனேன். அது வேறு மலை, பிரம்மதால் பக்கம். முதல் நாள் எல்லோரும் வேலை, ஊர், பிள்ளைகள் எத்தனை என்று சொன்னோம், கல்யாண வீட்டில் விசாரிக்கிற மாதிரி. இரண்டாம் நாள் ஓர் அம்மா, அறுபது இருக்கும், "எனக்கு இன்றைக்கு யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை, ஆனால் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது" என்றார். சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒருவர் "எனக்கு மேலே ஏறப் பயமாக இருக்கிறது" என்று சத்தமாகச் சொன்னார். அது எவ்வளவு உதவி தெரியுமா? பயத்தை மறைத்துக்கொண்டு உச்சி வரை ஏறி அங்கே உறைந்து நிற்பவரை விட, முந்தின ராத்திரியே சொல்பவரைச் சமாளிப்பது வழிகாட்டிக்குச் சுலபம். தலைவலி, வாந்தி, மாதவிலக்கு எல்லாமே அந்த வட்டத்தில்தான் வெளியே வந்தது. தனித்தனியாகக் கேட்டிருந்தால் எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் பேசியே தீர வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், எழுந்து போய்த் தூங்குங்கள்.

இன்னொன்று. சொந்தப் பையைச் சுமப்பது பெருமைதான், ஆனால் எனக்கு முட்டியில் பழைய அடி உண்டு. என் பையைக் கழுதையில் ஏற்றிவிட்டுச் சின்னப் பையோடு நடந்தேன். யாரும் என்னைக் குறைவாகப் பார்க்கவில்லை. உங்கள் குழுவில் அந்த வசதி இல்லை என்கிறார்கள், ஆனால் சாங்க்ரியில் தனியாகச் சுமை தூக்குபவரை அமர்த்திக்கொள்ள முடியும். தேவைப்பட்டால் ஏற்பாடு செய்வீர்களா என்று கேட்டு வையுங்கள்.

பதில்: டேராடூன் தமிழச்சி

வீட்டுக்காரர் ஓஎன்ஜிசியில் இருப்பதால் இங்கே பல வருஷமாக இருக்கிறோம். சாங்க்ரிக்கு நடக்க இல்லாமல் சும்மா வண்டியில் போய் வந்தவள் நான், அதனால் சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டேராடூனிலிருந்து சாங்க்ரி 200 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ஒரு முழுப் பகல் ஆகும். முசூரி தாண்டி, கெம்ப்டி வழியாக யமுனை வரை இறங்கி, நௌகாவ், புரோலா, மோரி, நேட்வார். வளைவு வளைவாக வரும். ஊட்டி மலைப்பாதையில் வாந்தி வருமென்றால் இங்கே நிச்சயம் வரும், முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீர்கள். புரோலாவிலேயே பணம் எடுத்துவிடுங்கள். அதற்கு மேலே ஏடிஎம்மையும் செல்போன் சிக்னலையும் நம்ப வேண்டாம். வீட்டில் "நான்கு நாள் பேச முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் குரங்கணி ஞாபகம் உள்ளவர் அங்கே தூங்க மாட்டார்.

நேட்வாரில் ரூபின், சூபின் இரண்டு ஆறும் சேர்ந்து டோன்ஸ் நதியாகும். அங்கேதான் வனத்துறைச் சோதனைச் சாவடி, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மார்ச் கடைசி என்பதால் வழியெல்லாம் புரான்ஸ் சிவப்பாகப் பூத்திருக்கும். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்பார்களே, அந்த இனம்தான். கடைகளில் அதன் சர்பத் கிடைக்கும், குடித்துப் பாருங்கள்.

சாப்பாடு ரொட்டி, பருப்பு, ராஜ்மா, சோறு. சைவத்துக்குப் பஞ்சமில்லை. புளி, மிளகாய் தேடுபவராக இருந்தால் பருப்புப் பொடி ஒரு சின்ன டப்பா.

சாங்க்ரியில் முதுகில் புல்கட்டு சுமந்து போகிற பெண்களைப் பார்ப்பீர்கள். நம் எடைக்குப் பாதி இருக்கும் அந்தக் கட்டு. அவர்களிடம் உங்கள் 9 கிலோவைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது!

கேட்டவர்: வடவள்ளி தையற்கடை

எல்லோருக்கும் நன்றி. நடத்துபவரிடம் பேசினேன். ஓய்வு நாள் ஜூடா கா தாலாபில்தான் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். தலைமை வழிகாட்டி பெண், உத்தரகாசியில் பயிற்சி முடித்தவர். தூக்கப்பை 9 கிலோவில் சேர்த்தி, கூடாரம் வெளியே. ஆக்சிஜன் பற்றிக் கேட்டதும் அந்தப் பக்கம் இருந்தவர் "நீங்கள் முன்பே மலையேறியவரா?" என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது. மேல் கூடாரம் வரை வருமாம்.

வீட்டுக்காரரிடம் ஈரோட்டுக்காரி எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அலமாரி மேலிருந்து அவருடைய வெள்ளியங்கிரிக் கம்பை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். விமானத்தில் கையோடு கொண்டுபோக முடியாது என்று இன்னும் சொல்லவில்லை.

இரண்டு சந்தேகம் பாக்கி. மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? வீட்டு விசேஷத்துக்கு முன்பு போட்டிருக்கிறேன். அப்புறம், உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை போட வேண்டுமா?

பதில்: ஈரோட்டுக்காரி

கம்பை வாங்கிக்கொள்ளுங்கள், ரயிலில் போனால் கொண்டுபோகலாம்!

மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போடுவதும் இதுவும் ஒன்று இல்லை. அந்த மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் கூட்டக் கூடியவை. அதோடு இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்த கால், குறைந்த தண்ணீர், உயரம் எல்லாம் சேரும். குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்திருந்தால், உங்களுக்கு ஒற்றைத் தலைவலி இருந்தால், அதைப் பெண்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். 46 வயதில் ஒழுங்கில்லாமல் வருகிறது என்பதற்கே ஒரு முறை அவரைப் பார்ப்பது நல்லது.

அங்கே போகும்போது ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. உதிரப்போக்கு அதிகம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மேலே ஆக்சிஜன் குறைவு, அதைச் சுமக்கிற ரத்தமும் குறைவு என்றால் எவ்வளவு படி ஏறிப் பழகினாலும் மூச்சு வாங்குவது நிற்காது. இன்னும் நாள் இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் ஏறிவிடும். என்னைக் கேட்டால் டயமாக்ஸை விட இது முக்கியம்.

டயமாக்ஸ் பலரும் 125 மில்லிகிராம் காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து எடுக்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைத் தொடக் கூடாது. எடுத்தால் விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சிறுநீர் வருகிறதே என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், நான் மேலே புலம்பியது அதைத்தான். எடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடு ராத்திரியானாலும் இறங்க வேண்டும். வழிகாட்டி எழுப்பினால் கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், நம் பெண்கள் அதைத்தான் செய்வார்கள்.

நிலாச்சோறு, வட்டப் பேச்சில் தலைவலி வெளியே வரும் என்றீர்களே, அதை நான் யோசிக்கவில்லை. சரி, ஐந்து பைசா கொடுக்கிறேன்.

ஷூவை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கணுக்கால் மூடியது, தண்ணீர் புகாதது. தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள், சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் சரியான அளவு காட்டும். மருதமலையில் இறங்கும்போது பெருவிரல் முன்னால் முட்டினால் ஓர் அளவு பெரிதாக மாற்ற வேண்டியிருக்கும், அதனால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.